குடும்பம் நடத்தவும் பட்டமோ? குடும்பக் கற்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, அண்ணாவின் மகள், அதாவது என் பெறாமகள், கனடாவில் குடும்பக் கற்கை என்றொரு பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பிறகு மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "குடும்பம் நடத்தவும் பட்டமோ? அம்மாவோட ஆறு மாசம் குசினியில நிண்டா காணுமே" என்றா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அன்றைக்கு அந்த அறையில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அண்ணா அதைக் கல்யாண ஆலோசனைப் படிப்பு என்று நினைத்தார். அண்ணிக்கு அது ஓ.எல்.லில் தான் படித்த மனைப்பொருளியலின் பெரிய வடிவம். நான் அதைச் சமூகவியலின் ஒரு சின்னக் கிளை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். பிறகு அவள் படிக்கத் தந்ததையெல்லாம் படித்ததில், மூன்று பேருமே பிழை, ஆனால் மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விளங்கியது. படித்ததை என் பாஷையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

ட்ரிப் சுவிட்ச் சொன்ன பாடம்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். பிரிட்ஜில்தான் கோளாறு என்று அதைத் தூக்கிப் பழுதுபார்த்தோம், அது சரியாகவே இருந்தது. வாஷிங் மெஷினும் அப்படித்தான். கடைசியில் வயரிங் வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: ஒவ்வொரு சாமானிலும் கொஞ்சம் கொஞ்சம் மின்கசிவு இருக்கிறது, தனித்தனியாகப் போட்டால் ஒன்றும் ஆகாது, எல்லாம் ஒன்றாக ஓடும்போது கசிவு கூடிச் சுவிட்ச் விழுகிறது. எந்தச் சாமானைத் தனியாகச் சோதித்தாலும் கோளாறு அகப்படாது.

குடும்பக் கற்கையின் முதல் படி இதுதான். ஒரு வீட்டில் பிரச்சினை என்றால் நாம் உடனே ஆளைத் தேடுவோம். மகன் சரியில்லை, மருமகள் வாய்க்காரி, தகப்பன் குடிக்கிறார். இந்தத் துறை, ஆட்களை ஒவ்வொருவராகப் பார்ப்பதோடு நில்லாமல், அவர்களுக்கு இடையில் என்ன ஓடுகிறது என்று பார்க்கிறது. இப்படி ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் பகுதிகளின் கூட்டத்துக்கு அமைப்பு என்று பெயர். குடும்பத்தை ஓர் அமைப்பாகப் பார்க்கும் பார்வைதான் இந்தத் துறையின் முதுகெலும்பு.

ஆனால் ட்ரிப் சுவிட்ச் உவமை ஓரளவுக்குத்தான் போகும். பிரிட்ஜ் என்ன செய்கிறது என்று பார்த்து வாஷிங் மெஷின் தன் நடத்தையை மாற்றிக்கொள்வதில்லை. மனிதர்கள் மாற்றிக்கொள்கிறார்கள்.

யார் தொடங்கியது என்ற கேள்விக்கு ஏன் பதில் இல்லை

பதினாறு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். தாய் தட்டித் தட்டிக் கேட்கிறார்: சாப்பிட்டியா, படிச்சியா, ஆரோட கதைக்கிறாய். தாயைக் கேட்டால், "அவன் ஒன்றும் சொல்லுறதில்லை, அதால கேக்கிறன்" என்பார். பையனைக் கேட்டால், "அவ கேட்டுக்கொண்டே இருக்கிறா, அதால நான் சொல்லுறதில்லை" என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. காரணம் விளைவாகி, விளைவு திரும்பிக் காரணமாகிறது. இதைச் சுழல் காரணம் என்கிறார்கள். யார் தொடங்கியது என்று விசாரிப்பது, வட்டத்தில் முதல் புள்ளியைத் தேடுகிற வேலை. எங்கே வெட்டினால் சுற்று நிற்கும் என்பதுதான் இங்கே உதவுகிற கேள்வி.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள்: "அப்பாட்டச் சொல்லு, கரண்ட் பில் இன்னும் கட்டேல்ல எண்டு." அப்பா இரண்டடி தூரத்தில்தான் பேப்பரோடு இருக்கிறார். பிள்ளை தலையைத் திருப்பி, "அப்பா, கரண்ட் பில்லாம்" என்கிறது. அவர் பேப்பரை இறக்காமலே, "நாளைக்குக் கட்டுறன் எண்டு சொல்லு" என்கிறார். இரண்டு பேருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை நடுவில் இழுத்து இறுக்கத்தைக் குறைப்பதற்கு முக்கோணமாக்கல் என்று பெயர். இதைப் பிரபலமாக்கியவர் மரி போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1950களில் மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்களின் குடும்பத்தையும் சேர்த்து வார்டிலேயே தங்கவைத்துப் பார்த்தவர் அவர். நோயாளியை மட்டும் பார்த்திருந்தால் அந்த முக்கோணம் அவர் கண்ணில் பட்டிருக்காது. நடுவில் இழுக்கப்படுகிற பிள்ளைக்குத் தலையிடி வரும், வயிற்றுவலி வரும், கணக்கில் புள்ளி குறையும். நாம் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவோம்.

இதை நீங்களே ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. நெருக்கமான உறவுக்கு அடுக்குக் கோடு, மனஸ்தாபத்துக்கு வளைந்து நெளிந்த கோடு, விலகலுக்குப் புள்ளிக் கோடு. இதன் பெயர் ஜீனோகிராம். பெறாமகள் எங்கள் குடும்பத்தை வரைந்து காட்டினாள். ஒரே மாதிரி நெளிகோடு அப்பப்பாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் ஒன்று, அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் இடையில் இன்னொன்று. அண்ணா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார்.

இதுவரை வந்தது: குடும்பக் கற்கை ஆட்களுக்கு இடையில் ஓடுவதைப் பார்க்கிறது. அங்கே காரணம் நேர்கோட்டில் போகாமல் சுற்றி வருகிறது. இரண்டு பேரின் இறுக்கம் மூன்றாமவர் தலையில் இறங்குகிறது.

2022இல் கேஸ் இல்லாத நாட்கள்

அடுத்தது, வெளியிலிருந்து அடி விழும்போது குடும்பம் என்ன ஆகிறது என்பது. இதற்கு ரூபன் ஹில் என்ற சமூகவியலாளர் 1949இல் ஒரு எளிய வாய்ப்பாடு தந்தார். இரண்டாம் உலகப் போரில் தகப்பன்மார் போர்முனைக்குப் போய்த் திரும்பிய அயோவா மாநிலக் குடும்பங்களைப் பார்த்து எழுதியது. பெயர் ஏ-பி-சி-எக்ஸ். ஏ என்பது விழுந்த அடி. பி, கையில் இருக்கிற வசதிகளும் ஆதரவும். சி, அந்த அடிக்குக் குடும்பம் கொடுக்கிற அர்த்தம். இந்த மூன்றும் சேர்ந்துதான் எக்ஸ், அதாவது நெருக்கடி, வருமா வராதா, எவ்வளவு கடுமையாக வரும் என்று தீர்மானிக்கிறது.

கொழும்புக்காரருக்கு இதை விளங்கப்படுத்த 2022 போதும். கேஸ் இல்லை, பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏ எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஐந்தாம் மாடியில் இருந்தவருக்கு விறகு மூட்ட இடமில்லை, கீழே பின்வளவு உள்ள வீட்டுக்காரர் மூன்று கல்லை வைத்துச் சமாளித்தார், இன்னொருவருக்கு ரொறொன்ரோவிலிருந்து மாதாமாதம் காசு வந்தது. அது பி. சி என்பதுதான் சுவாரசியமானது. எங்கள் மாடியில் ஒரு குடும்பம், பிள்ளைகளுக்குப் பாண் மட்டும் கொடுக்கவேண்டி வந்ததை மானப்பிரச்சினையாக எடுத்து ஒருவரையொருவர் குதறிக்கொண்டார்கள். என் அம்மாவோ, தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவ. "இதென்ன பெரிய விஷயம்" என்று மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்தா. காசு அந்தக் குடும்பத்திடம்தான் எங்களைவிடக் கூட.

பொட்டு வைப்பதா, அழிப்பதா

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று எழுதவேண்டும், ஏனென்றால் இந்தத் துறை எங்களுக்கு ஏன் வேண்டும் என்று எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான்.

போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்தார். இறந்தார் என்று சொல்ல உடல் இல்லை, உயிரோடு இருக்கிறார் என்று சொல்லச் செய்தி இல்லை. இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் தெளிவில்லா இழப்பு எனலாம். இது இரண்டு வகை. ஒன்று, ஆள் இல்லை, நினைவில் இருக்கிறார். மற்றது, ஆள் முன்னால் கதிரையில் இருக்கிறார், மறதி நோயால் அவர் அவராக இல்லை. இரண்டிலும் அழுது முடிக்க ஒரு நாள் கிடைக்காது. செத்தவீடு இல்லை, எட்டு இல்லை, அந்திரட்டி இல்லை.

எங்கள் நாட்டில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் 2017இலிருந்து, போரில் காணாமல் போன தங்கள் உறவுகளின் படங்களோடு தெருவோரக் கொட்டகைகளில் இருந்தார்கள். அவர்களில் கணவரைத் தேடுகிற பலர் இன்னும் பொட்டு வைக்கிறார்கள். ஊரில் சிலர் அதைப் பார்த்து, "ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், மனநோய்" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பாஸ் சொல்வது நேர்மாறு: கோளாறு இருப்பது சூழ்நிலையில், அந்தப் பெண்ணில் இல்லை. தீராத ஒன்றைத் தீர்த்துவிடு என்று நெருக்குவதால் அவருக்குப் பாரம்தான் கூடும். "அவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் வழி என்கிறார். அந்த வீட்டில் தகப்பனின் இடத்தை யார் எடுப்பது, மகளின் கல்யாணத்தில் தாய் எங்கே நிற்பது, காணி எழுதும்போது யார் கையெழுத்து என்று ஒவ்வொன்றும் முடிச்சாகிவிடுகிறது. இந்தச் சங்கடத்தைச் சட்டமும் ஒரு தரம் தொட்டது. 2016இல் கொண்டுவந்த திருத்தச் சட்டப்படி, மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்கள், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். பொட்டை அழிக்காமலே வங்கிக் கணக்கைப் பார்க்க ஒரு வழி.

ஆக, கல்யாண ஆலோசனைக்கும் இதற்கும் உள்ள தூரம் இப்போது தெரிந்திருக்கும். ஆலோசகர் தன் முன்னால் வந்து உட்காரும் குடும்பத்துக்கு உதவுகிறார். குடும்பக் கற்கை, குடும்பங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய்ந்து, ஆலோசகருக்கும் ஆசிரியருக்கும் சட்டம் எழுதுபவருக்கும் பயன்படுகிற அறிவைச் சேர்க்கிறது.

மனைப்பொருளியலின் பேத்தி

அண்ணி நினைத்ததும் முழுப் பிழை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் லெ பிளே என்ற சுரங்கப் பொறியியலாளர் தொழிலாளர் வீடுகளின் வரவுசெலவைக் காசு காசாக எழுதி 1855இல் வெளியிட்டார். அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. எலன் ரிச்சர்ட்ஸ் இரசாயனம் படித்தவர், எம்.ஐ.டி.யில் சேர்க்கப்பட்ட முதல் பெண், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் தண்ணீரைச் சோதித்தவர். பல்கலைக்கழகங்கள் பெண் விஞ்ஞானிகளுக்கு முன்கதவைத் திறக்கவில்லை. அவர்கள் உணவு, தண்ணீர், சுகாதாரம் என்று குசினிக் கதவால் விஞ்ஞானத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். 1899இல் லேக் பிளாசிட்டில் தொடங்கிய மாநாடுகள் 1909இல் ஒரு சங்கமாகி, மனைப்பொருளியல் ஒரு பாடமாக நிலைத்தது. அந்தப் பாடத்துக்குள்தான் பிள்ளை வளர்ப்பும் குடும்ப உறவும் ஓர் ஓரத்தில் இருந்தன.

இன்னொரு பக்கம், 1926இல் ஏர்னஸ்ட் பர்ஜஸ் என்ற சமூகவியலாளர், குடும்பம் என்பது ஒருவரோடொருவர் ஊடாடும் ஆளுமைகளின் ஒருமை என்று எழுதினார். 1938இல் அவரும் சேர்ந்து அமெரிக்காவில் குடும்ப உறவுகளுக்கான தேசிய அமைப்பு ஒன்று தொடங்கியது, அடுத்த வருஷம் அதற்கு ஓர் ஆய்வு இதழும் வந்தது. ஆக, தாய்வழி மனைப்பொருளியல், தகப்பன்வழி சமூகவியல். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் குடும்ப உறவும் போசாக்கும் இன்றைக்கும் ஒரே துறையின் பெயரில் இருப்பது இந்தப் பழைய வீட்டின் மிச்சம்.

துறையா, பஸ் நிலையமா?

இப்போது அடையாளச் சண்டைக்கு வருவோம். ஒரு படிப்பைத் துறை என்று சொல்ல, அதற்கென்று ஒரு கேள்வி, அதற்கென்று கோட்பாடுகள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் தட்டிப்பார்க்கும் ஒரு கூட்டம், இவை வேண்டும். பல துறைக்காரர் வந்து கூடுகிற பொது இடத்தைப் புலம் என்கிறார்கள். புறக்கோட்டை பஸ் நிலையம் மாதிரி: எல்லா ஊர் பஸ்ஸும் வரும், ஒரு பஸ்ஸுக்கும் அது சொந்த ஊர் இல்லை. குடும்பக் கற்கையும் அப்படித்தான் என்பவர்கள் உண்டு. உளவியல் ஆளைப் பார்க்கிறது, சமூகவியல் சமூகத்தைப் பார்க்கிறது, சட்டம் சொத்தைப் பார்க்கிறது, இதில் புதிதாக என்ன என்று கேட்கிறார்கள்.

1983இல் பர், லீ என்ற இருவர், இது தனித் துறைதான், பெயர் இல்லாததுதான் குறை என்று வாதாடி, ஃபமாலஜி என்று ஒரு பெயரை முன்வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. குடும்ப விஞ்ஞானம் என்பதுதான் பின்னர் ஊன்றிய பெயர். ஆனாலும் இன்றைக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் குடும்பக் கற்கை, இன்னொன்றில் மனித விருத்தியும் குடும்பமும், வேறொன்றில் மனிதச் சூழலியல். கோர்னெல் பல்கலைக்கழகம் தன் மனைப்பொருளியல் கல்லூரிக்கு 1969இலேயே மனிதச் சூழலியல் என்று பெயர் மாற்றியது. கடையின் போர்டை அடிக்கடி மாற்றினால் வாடிக்கையாளர் குழம்பத்தானே செய்வார். பட்டம் முடித்தவருக்கு நேர்முகப் பரீட்சையில் முதல் பத்து நிமிஷமும் தன் பாடம் என்ன என்று விளக்குவதிலேயே போகிறது.

என் கருத்து: குழந்தை மருத்துவமும் ஒரு காலத்தில் தனித் துறையாக இருக்கவில்லை, பிள்ளையைச் சின்ன ஆளாக நினைத்து மருந்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். பிள்ளையின் உடம்பு வேறு விதமாக இயங்குகிறது என்று கண்ட பிறகுதான் அது தனியானது. குடும்பமும் தனி ஆட்களின் கூட்டுத்தொகையைவிட வேறாக இயங்குகிறது என்பது உண்மையானால், அதற்கும் தனிக் கேள்வி இருக்கிறது. பெயரைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆனால் பெயர் இல்லாவிட்டால் பதவி இல்லை, பதவி இல்லாவிட்டால் பணம் இல்லை என்று பெறாமகள் சொன்னாள். அதுவும் சரிதான்.

பெறாமகள் என்ற சொல்

இந்தத் துறையின் எதிர்காலம் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறார்கள்: கோட்பாடுகளில் பெரும்பாலானவை அமெரிக்க நடுத்தர வர்க்கக் குடும்பத்தை வைத்து வெட்டித் தைத்த சட்டை. ஈவ்லின் டுவல் 1957இல் குடும்ப வாழ்வை எட்டுப் பருவமாகப் பிரித்தார். அதில் பிள்ளைகளை வெளியே அனுப்பும் பருவம் என்று ஒன்று. வெள்ளவத்தையில் மகளுக்குச் சீதனமாக மேல்மாடி பிளாட்டை எழுதிக்கொடுத்து, மருமகனை இங்கேயே கொண்டுவருகிற எங்களுக்கு அந்தப் பருவம் எந்த மாதத்தில் வருகிறது?

வேடிக்கை என்னவென்றால், உறவுமுறை பற்றிய ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே தமிழ் இருக்கிறது. லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற நியூயோர்க் வழக்கறிஞர், செனிக்கா என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் உறவுப் பெயர்களைத் திரட்டியபின், தமிழிலும் ஏறக்குறைய அதே ஒழுங்கு இருப்பதைக் கண்டு அசந்துபோனார். 1871இல் வெளிவந்த அவருடைய பெரிய ஆய்வில் அது முக்கிய இடம் பெற்றது. ஆங்கிலத்தில் அண்ணாவின் மகளும் அக்காவின் மகளும் ஒரே சொல்தான். எனக்கு அண்ணாவின் மகள் பெறாமகள், அக்காவின் மகள் மருமகள். பெறாத மகள் என்ற ஒரு சொல்லே அவள் எனக்கு யார், நான் அவளுக்கு என்ன கடமைப்பட்டவன் என்று சொல்லிவிடுகிறது. இப்படியான சொற்களிலிருந்து தொடங்கி ஒரு கோட்பாடு கட்டினால் என்ன வரும்? அதைச் செய்யவேண்டியவர்கள் நாங்கள்.

வேலைக்கும் பஞ்சமில்லை. எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு ரொறொன்ரோவிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் வருவா. அங்கே மத்தியானம் பன்னிரண்டு. போனைச் சீனி டின்னில் சாய்த்துவைத்து அம்மா மாத்திரை போடுவதை அவ பார்த்துக்கொண்டிருப்பா. பக்கத்து அறையில் இருக்கிற எனக்கு அம்மாவின் மாத்திரை நிறம் தெரியாது, அக்காவுக்குத் தெரியும். ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களைக் கணக்கெடுப்பில் ஒரு குடித்தனமாக எண்ணினால் அக்கா அதில் இல்லை.

எண்ணுவதில் பிழைத்தால் சட்டமும் பிழைக்கும். 2013இல் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்கவேண்டும் என்று விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகமுடியாது. 2022இல், நாட்டுக்கு டொலர் தேவைப்பட்ட நேரத்தில், அந்த வயது இரண்டாகக் குறைந்தது. தகப்பன் போவதானால் இப்படி எந்த அறிக்கையும் இல்லை. குடும்பம் என்றால் தாயும் சின்னப் பிள்ளையும்தான் என்று நினைத்து எழுதிய விதி அது. அந்த வீட்டில் பிள்ளையை ஏற்கனவே அம்மம்மா வளர்க்கிறாவா, தகப்பன் என்ன செய்கிறார், தாய் போகாவிட்டால் கடனை யார் கட்டுவது என்று அமைப்பாகப் பார்த்திருந்தால் கேள்விகளே வேறாக இருந்திருக்கும்.

பெறாமகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. போன கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சேர்ந்து விசா விண்ணப்பம் நிரப்பினோம். குடும்ப விவரப் படிவத்தில் அப்பா, அம்மா, சகோதரம், துணை, பிள்ளைகள் என்று கட்டங்கள். அண்ணாவும் அண்ணியும் வேலைக்குப் போக, அவளைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூட பஸ் ஏற்றி, ஏ.எல். வரைக்கும் வளர்த்தது அவளுடைய அப்பம்மா. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தா, திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தா.

"அப்ப மச்சாள் எந்தக் கட்டத்தில?" என்றா.